ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பில் முன் பிரேக் டிஸ்க் மாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கியது, புது டிஸ்க் போட்டோம், கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி நடுக்கம். ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருப்பவர்களிடம் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கலாம். பழி உடனே டிஸ்க்கின் மேல் விழும்: மட்டமான சரக்கு, சூட்டில் வளைந்துவிட்டது என்று. ஆனால் பெரும்பாலும் டிஸ்க் வளைவதே இல்லை. அது உட்கார வேண்டிய ஹப்பின் (சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் நடுக்குடம்) முகத்தில் துருவை அப்படியே விட்டுவிட்டு, மேலேயே புதியதை மாட்டியிருப்பார்கள்.

நடுக்கம் ஏன் உடனே வராமல் சில மாதம் கழித்து வருகிறது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. துருச் செதிலின் மேல் உட்கார்ந்த டிஸ்க் மயிரிழை சாய்ந்திருக்கும். பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும், ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒரே பகுதி பேடை (டிஸ்க்கை அழுத்தி நிறுத்தும் உராய்வுக் கட்டை) லேசாக உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு அந்த இடம் தேய்ந்து மெலிந்துவிடும். இல்லையென்றால் பேடின் பொருள் அங்கே அப்பிக்கொள்ளும். தடிமன் ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்தால், மிதிக்கும்போது, பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் முன்னும் பின்னும் தள்ளாடும். அதுதான் கைக்கு நடுக்கமாக வருகிறது. தடிமனில் 0.02 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே உணரலாம்.

மாற்றத்தான் வேண்டுமா?

பிரேக் மிதிக்காதபோதும் வண்டி நடுங்கினால் டிஸ்க்கைத் தொட வேண்டாம். சேற்றில் இறங்கி வந்த வண்டி என்றால், ரிம்மின் உட்புறம் காய்ந்து ஒட்டிய சேறே சக்கரத்தின் பேலன்ஸைக் கெடுத்துவிடும். முதலில் அதைக் கழுவிப் பாருங்கள். மிதிக்கும்போது மட்டும், அதுவும் ஸ்டியரிங்கில் நடுக்கம் என்றால் முன் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். சீட்டிலும் பெடலிலும் மட்டும் தெரிந்தால் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு டிஸ்க்கிலும், தொப்பி போன்ற நடுப்பகுதியிலோ விளிம்பிலோ, குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். துருவில் மறைந்திருந்தால் கம்பி பிரஷால் தேய்த்தால் தெரியும். மைக்ரோமீட்டரால் அளப்பதுதான் சரி. வெர்னியரை விளிம்பில் வைத்தால், தேயாமல் மிஞ்சி நிற்கும் உதட்டின் மேல் அது உட்கார்ந்து, உள்ளதைவிடத் தடிமனாகக் காட்டும். விளிம்பிலிருந்து 10 முதல் 15 மி.மீ. உள்ளே, சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த அளவு, பொறித்த எண்ணைத் தொட்டிருந்தால் மாற்ற வேண்டியதுதான். மேற்பரப்பில் சன்னமான சூட்டு வெடிப்புகள் இருப்பது சகஜம். விளிம்பு வரை ஓடும் விரிசல் இருந்தால் மட்டும் தடிமன் எவ்வளவு இருந்தாலும் அந்த டிஸ்க் குப்பைக்குத்தான்.

உங்கள் வண்டியில் டிஸ்க் எப்படி மாட்டியிருக்கிறது?

வேலை ஒரு மணி நேரமா ஒரு நாளா என்பதை இது தீர்மானிக்கும். இப்போதைய பிக்கப்களில் பெரும்பாலும் டிஸ்க், ஹப்பின் மேல் வெளியிலிருந்து சொருகும் வகை. சக்கரத்தையும் காலிப்பரையும் எடுத்தால் டிஸ்க் கைக்கு வந்துவிடும். ஆக்சில் நட்டைத் தொட வேண்டியதில்லை. பழைய திட ஆக்சில் (இரண்டு முன் சக்கரங்களையும் ஒரே கெட்டிக் குழாய் இணைக்கும்) வண்டிகளில் கதை வேறு. 80 சீரிஸ் லேண்ட் குரூசர் போன்றவற்றில் டிஸ்க் ஹப்பின் பின்பக்கம் போல்ட்டால் பூட்டியிருக்கும். ஹப்பையே பெயரிங்கோடு கழற்றினால்தான் அது வெளியே வரும். சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க்கின் தொப்பி ஹப்புக்கு முன்னால் தெரிந்தால் முதல் வகை. ஹப் முன்னால் நின்று டிஸ்க் அதன் முதுகில் ஒளிந்திருந்தால் இரண்டாவது. பொருள் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். முதலில் சொருகும் வகையைச் சொல்கிறேன், பழைய வகை பின்னால் வரும்.

வாங்கும்போது

இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், கூடவே பேடும் புதிது. பழைய பேட் பழைய டிஸ்க்கின் பள்ளம் மேட்டுக்குத் தகுந்தபடி தேய்ந்தது. புது டிஸ்க்கில் அது முழுதாகப் படியாது.

துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகுதான். ஆனால் பாரம் இழுக்கும், சேற்றில் இறங்கும் வண்டிக்கு என் ஓட்டு சாதாரண காற்றோட்ட டிஸ்க்குக்கே. துளைகளில் சேறு அடைக்கும், சூடேறிக் குளிரும்போது விரிசல் பெரும்பாலும் துளையின் ஓரத்தில்தான் தொடங்கும். உள்ளே இருக்கும் காற்றோட்டத் தகடுகள் நேராக இல்லாமல் வளைந்திருந்தால் அந்த டிஸ்க்குக்கு இடது வலது உண்டு. வண்டி முன்னோக்கிப் போகும்போது தகடுகள் சுழற்சிக்கு எதிராக, பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் காற்றை நடுவிலிருந்து வெளியே தள்ளும். மேற்பரப்பில் உள்ள கோடுகளை வைத்துத் திசையை முடிவு செய்யாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை

வண்டியின் எடைக்கு ஏற்ற ஜாக், உயரமான இரண்டு ஸ்டாண்ட், சக்கரக் கட்டைகள், சாக்கெட் செட், நீண்ட பிரேக்கர் பார், டார்க் ரெஞ்ச், சி-கிளாம்ப், கம்பி பிரஷ், உப்புத்தாள், துரு இளக்கும் எண்ணெய், பிரேக் கிளீனர், பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ், காலிப்பரைத் தொங்கவிடக் கொஞ்சம் கம்பி. கூடவே வண்டியின் சர்வீஸ் மேனுவல். முறுக்கு அளவுகள் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் மேனுவலைத்தான் நம்ப வேண்டும். நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் இருந்தால் வேலை வேறு தரத்துக்குப் போகும். இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்குவது

கெட்டியான சமதளம் வேண்டும். இங்கே ஃபோர் வீல் டிரைவுக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. எஞ்சின் விசையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால், ஆட்டோமேட்டிக் கியர் 'பி'யில் இருந்தாலும் வண்டி உருளும். மேனுவல் கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் அதே கதிதான். கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் அப்போது தொடர்பே இருக்காது. எனவே டிரான்ஸ்ஃபர் கேஸை 2எச்-இல் (பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் நிலை) போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கையால் பூட்டும் ஹப் உள்ள வண்டி என்றால் ஹப்பை விடுவித்துவிடுங்கள். முழுநேர ஃபோர் வீல் டிரைவில் 2எச் இருக்காது. நியூட்ரலில் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்தால் போதும். ஸ்டியரிங் பூட்டு விழாதபடி சாவியை வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

டயர் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். திட ஆக்சில் என்றால் ஆக்சில் குழாயில் ஜாக் கொடுக்கலாம். தனிச் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் டிஃபரன்ஷியல் கூடு எடை தாங்குவதற்கானது அல்ல, அங்கே ஜாக் வைக்கக் கூடாது. மேனுவல் காட்டும் ஃப்ரேம் இடத்தில் வையுங்கள். இந்த வண்டிகள் உயரம் என்பதால் காருக்கான ஸ்டாண்ட் எட்டாது. அதற்காகச் செங்கல்லையோ பலகையையோ அடுக்கி உயரத்தைக் கூட்டும் வேலை மட்டும் வேண்டாம். செங்கல் எச்சரிக்கை தராமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தை ஃப்ரேமுக்கு அடியில் படுக்கப் போட்டு வைத்தால், ஏதாவது நழுவினாலும் உயிர் தப்பும்.

சக்கரம் தரையை விட்டதும், கழற்றுவதற்கு முன், மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயரிங் அல்லது பால் ஜாயிண்ட். அதைச் சரி செய்யாமல் புது டிஸ்க் போடுவது வீண்.

காலிப்பரைக் கழற்றுவது

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் காலிப்பரின் முதுகில் உள்ள போல்ட்டுகள் வெளியே வரும். ரிசர்வாயரில் பிரேக் ஆயில் மேல் கோட்டை ஒட்டி இருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் மேலே ஏறி வழியும், பெயிண்ட்டில் பட்டால் பெயிண்ட் உரியும்.

வழுக்கி நகரும் காலிப்பரில், பழைய பேட் உள்ளே இருக்கும்போதே சி-கிளாம்ப்பால் மெதுவாக அழுத்தினால் பிஸ்டன் உள்ளே போகும். எதிரெதிராக நான்கு பிஸ்டன் உள்ள நிலையான காலிப்பரில் ஒன்றைத் தள்ளினால் மற்றொன்று வெளியே வரப் பார்க்கும். பேடை ஒவ்வொன்றாக எடுத்து, எதிர்ப் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டு தள்ளுங்கள். பிஸ்டன் கனமாக நகர்ந்தாலோ தூசி உறை கிழிந்திருந்தாலோ காலிப்பருக்கே வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து, காலிப்பர் வழுக்கி நகரும் கைடு பின்களின் போல்ட்டுகளைக் கழற்றிக் காலிப்பரை எடுத்து, கம்பியால் ஸ்பிரிங்கிலோ மேல் ஆர்மிலோ கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. வெளியே தெரியாமல் உள்ளே கிழிந்துபோகும். ஏபிஎஸ் வயர் இழுபடுகிறதா பார்த்து, கிளிப்பிலிருந்து விடுவியுங்கள். ஹோஸ் இணைப்பைத் திறக்கவில்லை என்றால் காற்று புகாது, அதை வெளியேற்றும் பிளீடிங் வேலையும் இல்லை.

அடுத்து, காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்ற வேண்டும். அதன் போல்ட்டுகள் முரண்டு பிடிக்கும். பிரேக்கர் பாரை வெட்டி இழுக்காமல் சீராக அழுத்திக் கொடுங்கள், வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது. பிரேக் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிட வேண்டாம். பழைய வண்டிகளின் பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைப்பதே பாதுகாப்பு.

டிஸ்க் வர மறுத்தால்

மறுக்கும். சிறிய திருகுகள் பிடித்திருந்தால் முதலில் அவற்றை எடுங்கள். சாதாரணத் திருப்புளி தலையைச் சிதைத்துவிடும், தட்டித் திருப்பும் இம்பாக்ட் திருப்புளி நல்லது. பல டிஸ்க்குகளின் தொப்பியில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். பொருத்தமான இரண்டு போல்ட்டை (ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 8 மி.மீ.) அவற்றில் மாட்டி, மாறி மாறிக் கால் சுற்றாக முறுக்கினால் டிஸ்க் தானே வெளியே வரும். துளை இல்லையென்றால் நடுவட்டத்திலும், வீல் நட்டு மாட்டும் ஸ்டட்டுகளைச் சுற்றியும் இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பிறகு ஸ்டட்டுகளுக்கு நடுவில் சுத்தியலால் தட்டி, திருப்பி, மறுபடி தட்டுங்கள். கனமான சம்மட்டியால் ஓங்கி அடித்தால் அடி முழுக்கப் பெயரிங்குக்குத்தான் போகும்.

ஹப் முகம்: அவசரப்படக் கூடாத இடம்

டிஸ்க் வந்ததும் ஹப்பை உற்றுப் பாருங்கள். ஸ்டட்டுகளின் அடியைச் சுற்றி வளையம் வளையமாகத் துரு ஏறி நிற்கும். நடுவட்டத்தின் உதட்டில் செதில் செதிலாக உப்பியிருக்கும். கம்பி பிரஷை நாலு இழுப்பு இழுத்தால் மேலே பளபளக்கும், வேலை முடிந்ததாகத் தோன்றும். விரல் நகத்தை முகத்தின் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஸ்டட்டின் அடியில் தட்டும். ஹப் முகத்தில் 0.03 மி.மீ. செதில் இருந்தால் டிஸ்க்கின் விளிம்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்டமாகப் பெரிதாகும். ஒரு காலுக்கு அடியில் கல் மாட்டிய ஸ்டூல் மாதிரிதான்.

ஸ்டட்டுகளைச் சுற்றிச் சுத்தம் செய்யக் குழிந்த உராய்வு வளையங்கள் கிடைக்கின்றன. இல்லையென்றால் உப்புத்தாளை ஒரு குழாய்த் துண்டின் முனையில் வைத்து ஸ்டட்டின் மேல் சொருகித் திருப்பலாம். உலோகத்தையே அரைக்கும் கிரைண்டர் கல் மட்டும் வேண்டாம்; துருவோடு முகத்தின் சமத்தையும் கொண்டுபோய்விடும். நடுவட்ட உதட்டில் துரு மறுபடி பிடிக்காமல் இருக்க நூலளவு கிரீஸ் போதும். முகத்தில் தடவ வேண்டாம்.

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனராலோ, சோப்புப் போட்ட வெந்நீராலோ இரண்டு முகத்தையும் கழுவிக் காயவிடுங்கள். அதன்பின் எண்ணெய்க் கையால் தொடாதீர்கள்.

மாட்டி அளப்பது

டிஸ்க்கைச் சொருகி, தட்டையான வாஷர் கொடுத்து வீல் நட்டுகளால் எல்லாப் பக்கமும் சமமாக முறுக்குங்கள். டயல் கேஜை, ஹப்பைத் தாங்கி ஸ்டியரிங்கோடு திரும்பும் நக்கிளில் பொருத்தி, முள்ளை விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு டிஸ்க்கைக் கையால் சுற்றுங்கள். வண்டி அசையாமல் பார்த்துக்கொள்ள இப்போது கட்டையும் ஹேண்ட் பிரேக்கும் மட்டுமே இருக்கின்றன. பக்கவாட்டு ஆட்டத்துக்குப் பல மேனுவல்கள் அனுமதிக்கும் எல்லை 0.05-இலிருந்து 0.10 மி.மீ. அதைத் தாண்டினால் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி மறுபடி அளங்கள். ஹப்பின் சாய்வும் டிஸ்க்கின் சாய்வும் ஒன்றையொன்று ஈடுகட்டும் நிலை ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். எந்த நிலையிலும் குறையவில்லை என்றால் ஹப் முகத்திலேயே முள்ளை வைத்து அளந்து, கோளாறு ஹப்பிலா பெயரிங்கிலா என்று தேட வேண்டியதுதான். டயல் கேஜ் கிடைக்காதவர்கள் சுத்தம் செய்வதில் இரண்டு மடங்கு கவனம் காட்டுங்கள், வேறு வழியில்லை.

திரும்பப் பூட்டுவது

பிராக்கெட்டில் பேட் உட்காரும் தகடுகளை எடுத்து அடியில் உள்ள துருவைச் சுரண்டுங்கள். அந்தத் துரு தகட்டைத் தூக்கிப் பேடைச் சிறைப்பிடிக்கும். பேட் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். கைடு பின்களைத் துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். இரண்டு பின்னில் ஒன்றில் மட்டும் ரப்பர் உறை இருந்தால், எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதே துளைக்குப் போக வேண்டும். கழற்றும்போதே போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

பிராக்கெட் போல்ட்டுகளை மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். பிக்கப்களில் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல்தான் இருக்கும். கைடு பின் போல்ட்டுக்கு வேண்டியது இதைவிட வெகு குறைவு, அதே வேகத்தில் முறுக்கினால் மரை போய்விடும். மேனுவல் கேட்டால் திரெட் லாக் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போடுங்கள். மரையில் எண்ணெய் விடாதீர்கள், ரெஞ்ச் காட்டும் அளவே பொய்யாகிவிடும்.

சக்கரத்தை மாட்டி நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று கட்டமாக முறுக்கி, கடைசிக் கட்டத்தை வண்டியை இறக்கியபின் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். இம்பாக்ட் கன்னால் ஒரு நட்டை மட்டும் இறுக்கிவிட்டுப் போவதும் டிஸ்க்கைச் சாய்க்கும். இத்தனை நேரம் அளந்ததெல்லாம் அந்த ஒரு விநாடியில் போய்விடும்.

வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை மெதுவாகப் பலமுறை மிதியுங்கள். முதல் சில மிதிகள் தரை வரை போகும், பிஸ்டன் இன்னும் பேடைத் தொட்டிருக்காது. பெடல் கெட்டியாகும் வரை கியரைத் தொடாதீர்கள். பிறகு ரிசர்வாயரைப் பார்த்து, தேவைப்பட்டால் மூடியில் எழுதியிருக்கும் அதே டாட் வகை ஆயிலை ஊற்றுங்கள்.

ஹப்பின் பின்னால் டிஸ்க் உள்ள பழைய வண்டிகளுக்கு

காலிப்பர் வரை அதே வேலைதான். அதன்பின் ஃப்ரீவீல் ஹப்பையோ (கையால் பூட்டும் ஹப்), டிரைவ் ஃபிளாஞ்சையோ (ஆக்சிலை ஹப்போடு நிலையாக இணைக்கும் தகடு) எடுக்க வேண்டும். நட்டுகளைக் கழற்றியபின் கூம்பு வாஷர்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். பித்தளைக் கம்பி வைத்துத் தட்டினால் துள்ளி வெளியே வரும். உள்ளே பூட்டு நட்டு, மடித்த வாஷர், சரிசெய்யும் நட்டு என்று வரிசையாக இருக்கும். டொயோட்டாக்களில் இதற்கு 54 மி.மீ. சாக்கெட் வேண்டும். உளி வைத்து அடித்துத் திருப்புகிறவர்கள் உண்டு. நட்டில் வெட்டுப்பட்டிருந்தால் உங்களுக்கு முன் யாரோ அப்படிச் செய்திருக்கிறார்கள்.

ஹப்பை உருவும்போது வெளிப் பெயரிங் முதலில் கைக்கு வரும், கீழே விழாமல் பிடியுங்கள். பிறகு பின்பக்கப் போல்ட்டுகளைக் கழற்றி டிஸ்க்கைப் பிரிக்க வேண்டும். இவ்வளவு திறந்தபின் பெயரிங்கைக் கழுவிப் பார்த்துப் புது கிரீஸ் அடைப்பதும், எண்ணெய் சீலை மாற்றுவதும் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிரீஸை மேலே பூசினால் போதாது. உள்ளங்கையில் வைத்து, பெயரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளுக்கு இடையே பிதுங்கும் வரை செலுத்த வேண்டும். மாட்டும்போது சரிசெய்யும் நட்டை ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, தளர்த்தி, மறுபடி மேனுவல் சொல்லும் குறைந்த அளவுக்கு இறுக்குவது முறை. முன்னிறுக்கம் கூடினால் பெயரிங் எரியும், குறைந்தால் டிஸ்க் ஆடும்.

படிய வைப்பது

புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய, வண்டி குறைந்த சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்கு, மிதமான அழுத்தத்தில் எட்டுப் பத்து முறை குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் ஓடி ஆறவிடுங்கள். அதன்பின் 80-லிருந்து 20-க்குச் சில முறை. இந்த நேரத்தில் முழுதாக நிறுத்தி, சூடான பேடை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்திருக்கக் கூடாது. பேடின் அச்சு டிஸ்க்கில் பதிந்து மறுபடி நடுக்கத்துக்கு வழி செய்யும். முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆற வைத்துவிட்டு நிறுத்துங்கள். லேசான வாடை வருவது இயல்பு. புகை வந்தாலோ, ஒரு சக்கரம் மட்டும் கையை அருகில் கொண்டுபோக முடியாத அளவுக்குச் சுட்டாலோ அந்தப் பக்கக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது, திறந்து பார்க்க வேண்டும்.

80 முதல் 100 கி.மீ. ஓடியபின் வீல் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். அதுவரை பாரம் இழுப்பதையும் ஆற்றில் இறங்குவதையும் தள்ளிப்போடுங்கள்.